ஜோசுவா லாரன்ஸ் சேம்பர்லின்

ஜோசுவா லாரன்ஸ் சேம்பர்லின் (செப்டம்பர் 8, 1828 – பெப்ரவரி 24, 1914) ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கல்லூரிப் பேராசிரியரும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒன்றியப் படையில் பணியாற்றிய தளபதியும் ஆவார். 1863 ஜூலையில் நடைபெற்ற கெட்டிஸ்பர்க் சமரில் லிட்டில் ரவுண்ட் டாப் என்னும் குன்றைக் காத்தமைக்காகப் பரவலாக அறியப்படுகிறார். போருக்குப் பின் மேய்ன் மாநிலத்தின் ஆளுநராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். தாம் பயின்ற போடன் கல்லூரியின் தலைவராகப் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். 1864இல் போர்க்களத்தில் அடைந்த காயம் ஐம்பது ஆண்டுகள் அவரைத் துன்புறுத்தி, இறுதியில் அவரது இறப்புக்கும் காரணமாயிற்று. அவரது பணிகளும் இல்லறமும் இக்காயத்தின் பாதிப்புடனேயே நடந்தேறின.

இளமையும் கல்வியும்

சேம்பர்லின் மேய்ன் மாநிலத்தின் புரூவர் என்னும் சிற்றூரில், ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். ஜேம்ஸ் லாரன்ஸ் என்ற கடற்படைத் தளபதியின் நினைவாக அவருக்கு லாரன்ஸ் என்ற பெயர் சூட்டப்பட்டது. தந்தையார் மகன் படைத்துறையில் சேர வேண்டும் என விரும்பினார். தாயாரோ அவர் சமயப்பணியாளராக வேண்டும் என எண்ணினார். மகன் இவ்விரண்டையும் முதலில் தேர்ந்தெடுக்கவில்லை. எனினும் பிற்காலத்தில் அவர் சமயக் கல்வியும் பெற்றார், படைத்தலைவராகவும் ஆனார்.

இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. சில ஒலிகளை உச்சரிக்க இயலாமல் பேச்சைத் தவிர்த்து வந்த அவர், சொற்களை ஓர் இசையொழுங்கில் சொல்லிப் பழகி அக்குறையைப் பெருமளவு வென்றார். பின்னாளில் சொற்பொழிவுக் கலையையே கற்பிக்கும் பேராசிரியராக அவர் அமர்ந்தது குறிப்பிடத்தக்கது. கல்லூரி நுழைவுக்குத் தேவையான கிரேக்க மொழியைப் பெரும்பாலும் தாமே பயின்று, 1848இல் பிரன்ஸ்விக் நகரிலுள்ள போடன் கல்லூரியில் சேர்ந்தார். 1852இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அங்குப் பேராசிரியராக இருந்த கால்வின் ஸ்டோவின் மனைவியான ஹேரியட் பீச்சர் ஸ்டோ, அடிமை முறையைச் சாடும் புகழ்பெற்ற புதினத்தை எழுதிக்கொண்டிருந்தார். அதன் பகுதிகளை அவர் தம் இல்லத்தில் வாசித்ததைக் கேட்ட மாணவர்களுள் சேம்பர்லினும் ஒருவர். அதன்பின் மூன்றாண்டுகள் பாங்கர் நகரில் இறையியல் பயின்றார். ஆயினும் சமயப்பணியை ஏற்கவில்லை.

திருமணம்

பிரன்ஸ்விக் தேவாலயத்தின் பாடகர் குழுவை மாணவராக இருந்தபோதே சேம்பர்லின் வழிநடத்தினார். அத்தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் பிரான்சஸ் கரோலின் ஆடம்ஸ். ஃபேனி என அழைக்கப்பட்ட இவர், தேவாலயப் போதகரான ஜார்ஜ் ஆடம்சின் வளர்ப்பு மகள். சேம்பர்லினைவிட மூன்று வயது மூத்தவர். இசையிலும் ஓவியத்திலும் தேர்ச்சி பெற்றிருந்தார். இருவருக்கும் திருமணம் உறுதியானபின் சேம்பர்லின் இறையியல் பயிலச் சென்றார். ஃபேனி தொலைவிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் நகரில் இசை கற்பித்தார். மூன்றாண்டுக் காலம் கடிதங்களே இவர்களை இணைத்தன. டிசம்பர் 7, 1855 அன்று பிரன்ஸ்விக்கில் திருமணம் நடைபெற்றது.

இவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் மூவர் சிசுப் பருவத்திலேயே இறந்தனர். கிரேஸ் என்ற மகளும் ஹாரல்ட் என்ற மகனும் மட்டுமே வளர்ந்து பெரியவர்களாயினர்.

ஆசிரியப் பணி

1855இல் போடன் கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கிய சேம்பர்லின், விரைவில் சொல்லாட்சி மற்றும் சொற்பொழிவுக் கலைப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். 1861இல் தற்கால மொழிகளுக்கான பேராசிரியரானார். தம் பணிக்காலத்தில், கணிதமும் இயற்பியல் சார்ந்த அறிவியல்களும் நீங்கலாக, கல்லூரியின் ஏறத்தாழ எல்லாப் பாடங்களையும் அவர் கற்பித்துள்ளார்.

மாணவர் எழுதும் கட்டுரைகளில் பிழைகளைக் குறித்து மதிப்பெண் இடுவதோடு நிறுத்தாமல், திருத்தியவற்றை மீண்டும் எழுதச் செய்வது அவர் முறையாக இருந்தது. பிழையைச் சுட்டுவதைவிட அதைத் தானே நீக்கக் கற்பதே கல்வி என அவர் கருதினார். மாணவரைக் கண்காணிப்பு விதிகளால் அடக்கும் அக்காலக் கல்லூரி ஒழுங்கு முறையை அவர் விரும்பவில்லை. அவர்களை வளர்ந்த மனிதர்களாக நடத்தவேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு.

போரில் சேர்தல்

உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியது. 1862 கோடையில், ஐரோப்பா சென்று மொழிகளைப் பயில்வதற்காகக் கல்லூரி அவருக்கு இரண்டாண்டு விடுப்பு வழங்கியது. அவ்விடுப்பைப் பயன்படுத்தி ஐரோப்பா செல்லாமல், மாநில ஆளுநர் இஸ்ரேல் வாஷ்பர்னைச் சந்தித்துப் படையில் சேர முன்வந்தார். அப்போது அவருக்கு வயது 33. வீட்டில் மனைவியும் இரு சிறு பிள்ளைகளும் இருந்தனர். போர்ப் பயிற்சி ஏதும் இல்லை. கல்லூரி ஆசிரியர்கள் பலர் அவரை இழக்க விரும்பாமல் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

ஆளுநர் அவருக்கு ஒரு படைப்பிரிவின் கர்னல் பதவியை அளிக்க முன்வந்தார். அதை ஏற்க மறுத்த சேம்பர்லின், கீழ்நிலையில் தொடங்கித் தொழிலைக் கற்றுக்கொள்வதாகக் கூறி, 20ஆம் மேய்ன் காலாட்படைப் பிரிவின் லெப்டினன்ட் கர்னலாகச் சேர்ந்தார். பிரிவின் கர்னலாக இருந்த அடெல்பர்ட் ஏம்ஸ், வெஸ்ட் பாயின்ட் படைத்துறைக் கல்லூரியில் பயின்றவர். பகலில் படையைப் பழக்கிய அவரிடமே சேம்பர்லின் மாலையில் போர்முறைப் பாடம் கேட்டார். சேம்பர்லினின் தம்பி தாமசும் அதே பிரிவில் பணியாற்றினார்.

1862 டிசம்பரில் நடந்த பிரெடரிக்ஸ்பர்க் சமர் இப்பிரிவின் முதற்பெரும் சோதனை. ஒன்றியப் படை பெருந்தோல்வி கண்ட அச்சமரில், கடுங்குளிரில் இறந்தவர்களின் உடல்களையே அரணாகக் கொண்டு சேம்பர்லின் களத்திலேயே இரவைக் கழிக்க நேர்ந்தது.

கிளர்ச்சி வீரர்கள்

1863 மே மாதத்தில் ஏம்ஸ் பதவி உயர்வு பெற்றுச் செல்லவே, பிரிவின் தலைமை சேம்பர்லினிடம் வந்தது. ஏறத்தாழ அதே சமயத்தில் 2ஆம் மேய்ன் பிரிவைச் சேர்ந்த 120 வீரர்கள் காவலுடன் அவரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அப்பிரிவு இரண்டாண்டுப் பணி முடிந்து கலைக்கப்பட்டபோது, இவர்கள் மட்டும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்ததால் நிறுத்திவைக்கப்பட்டனர். தாம் ஏமாற்றப்பட்டதாகக் கருதி அவர்கள் பணிபுரிய மறுத்தனர். கீழ்ப்படியாதோரைச் சுட்டுக்கொல்லவும் சேம்பர்லினுக்கு அதிகாரம் தரப்பட்டிருந்தது.

சேம்பர்லின் முதலில் அவர்களைச் சூழ்ந்திருந்த காவலை அகற்றினார். பசியோடிருந்த அவர்களுக்கு உணவளித்தார். அவர்களது குறையைக் கேட்டு அதுபற்றி ஆளுநருக்கு எழுதினார். பின்னர் அவர்களைத் தம் பிரிவின் பல்வேறு கம்பெனிகளில் பிரித்துச் சேர்த்தார். ஒரு சிலரைத் தவிர அனைவரும் மீண்டும் ஆயுதம் ஏந்தினர். சில வாரங்களுக்குப் பின் கெட்டிஸ்பர்க்கில் இவர்கள் இல்லாமல் குன்றைக் காத்திருக்க இயலாது என வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். அச்சமரில் பிரிவின் கொடியை ஏந்திநின்ற ஆண்ட்ரூ டோசியரும் 2ஆம் மேய்னிலிருந்து வந்தவரே.

லிட்டில் ரவுண்ட் டாப்

கெட்டிஸ்பர்க் சமரின் இரண்டாம் நாளான ஜூலை 2, 1863 பிற்பகலில், ஒன்றியப் படை வரிசையின் தென்கோடியில் இருந்த லிட்டில் ரவுண்ட் டாப் குன்று காவலின்றிக் கிடந்தது. கர்னல் ஸ்டிராங் வின்சென்ட் தம் பிரிகேடை விரைந்து அங்குக் கொண்டுசென்றார். அதன் இடது ஓரத்தில் 20ஆம் மேய்ன் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் ஒன்றியப் படை இல்லை. அவ்விடம் வீழ்ந்தால் முழு வரிசையையும் எதிரி பக்கவாட்டிலிருந்து தாக்க இயலும்.

ஏறத்தாழ 1,000 பேருடன் புறப்பட்ட பிரிவில் அன்று 400க்கும் குறைவானவர்களே இருந்தனர். கர்னல் வில்லியம் ஓட்சின் தலைமையில் 15ஆம் அலபாமா பிரிவு அவர்களை மீண்டும் மீண்டும் தாக்கியது. எதிரி இடப்புறம் சுற்றிவர முயன்றபோது, சேம்பர்லின் தம் வரிசையை நீட்டி, இடதுபாதியைப் பின்னோக்கி மடக்கி நிறுத்தினார். ஒன்றரை மணி நேரப் போருக்குப் பின் தோட்டாக்கள் ஏறக்குறைய தீர்ந்துபோயின. அந்நிலையில் துப்பாக்கி முனைகளில் கத்திகளைப் பொருத்திய மேய்ன் வீரர்கள் சரிவில் இறங்கிப் பாய்ந்தனர். மடங்கியிருந்த இடப்பக்கம் ஒரு கதவைப்போல் சுழன்று முன்னேறியது. முன்னரே ஒரு கற்சுவரின் பின் நிறுத்தப்பட்டிருந்த பி கம்பெனியும் அச்சமயம் சுட்டது. களைத்திருந்த அலபாமா வீரர்கள் சிதறினர். பலர் சிறைபிடிக்கப்பட்டனர். 20ஆம் மேய்ன் பிரிவில் ஏறத்தாழ 125 பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ காணாமற்போயோ இருந்தனர். இச்செயலுக்காக 1893இல் சேம்பர்லினுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த படைத்துறை விருதான கௌரவப் பதக்கம் வழங்கப்பட்டது.

இந்நிகழ்வு பற்றிய கருத்து வேறுபாடுகளும் உள்ளன. பாய்ச்சல் முழுமையாகச் சேம்பர்லினின் ஆணையால் நிகழ்ந்ததா, அல்லது காயமுற்றோரை மீட்க முன்சென்ற லெப்டினன்ட் ஹோல்மன் மெல்ச்சர் போன்றோரால் தொடங்கப்பட்டதா என்பது விவாதிக்கப்படுகிறது. எலிஸ் ஸ்பியர் என்ற அதிகாரி, தம் முன்னாள் தலைவர் பெற்ற புகழ் அளவுக்கு மிஞ்சியது என முதுமையில் எழுதினார். தம் படை தாக்குதலால் முறியவில்லை, தாமே பின்வாங்க ஆணையிட்டதாக ஓட்ஸ் கூறினார். அக்குன்றில் ஓட்ஸ் தம் தம்பியை இழந்திருந்தார். இறந்தவர்களுக்காக அங்கு ஒரு நினைவுக்கல் நாட்ட அவர் விரும்பியபோது, கல் நிற்கவேண்டிய இடம் பற்றிச் சேம்பர்லின் உடன்படவில்லை. அக்கல் நாட்டப்படவேயில்லை.

பீட்டர்ஸ்பர்க் காயம்

ஜூன் 18, 1864 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் பீட்டர்ஸ்பர்க் நகர அரண்களின்மீது தம் பிரிகேடைச் சேம்பர்லின் வழிநடத்தினார். அப்போது ஒரு குண்டு வலது இடுப்பில் நுழைந்து உடலின் குறுக்கே பாய்ந்து, சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வடிகுழாயையும் சிதைத்தது. வீரர்கள் தாம் விழுவதைக் கண்டு தளர்ந்துவிடக் கூடாது என, வாளை நிலத்தில் ஊன்றி அதன்மேல் சாய்ந்து நின்றார். குருதியிழப்பால் பின்னரே வீழ்ந்தார்.

அக்காலத்தில் இத்தகைய காயம் அடைந்தோர் பிழைப்பது மிக அரிது. அவர் இறந்துவிடுவார் என்றே மருத்துவர்கள் கருதினர். தளபதி யுலிசீஸ் கிராண்ட் அவரைக் களத்திலேயே பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தினார். அவர் இறந்துவிட்டதாக மேய்ன் செய்தித்தாள்கள் செய்தி வெளியிட்டன. தம்பி தாமஸ் அழைத்துவந்த இரு மருத்துவர்கள் இரவெல்லாம் முயன்று உயிரைக் காத்தனர். அன்னாபொலிஸ் மருத்துவமனையில் இருந்த கணவரைக் காண, கருவுற்றிருந்த ஃபேனி அங்குச் சென்றார். அப்போது வயிற்றிலிருந்த பெண் குழந்தை 1865 தொடக்கத்தில் பிறந்து, அவ்வாண்டிலேயே இறந்தது.

ஐந்து மாதங்களில், குதிரையேறவும் நெடுந்தூரம் நடக்கவும் இயலாத நிலையிலேயே, சேம்பர்லின் களத்திற்குத் திரும்பினார். மார்ச் 29, 1865 அன்று குவேக்கர் சாலைச் சமரில் மீண்டும் காயமுற்றார். ஏப்ரல் 12 அன்று அப்போமேட்டக்சில் தென்னகக் காலாட்படை ஆயுதங்களை ஒப்படைத்தபோது, வரிசையில் நின்ற ஒன்றியப் படைக்கு அவர் தலைமை தாங்கினார். தோற்றவர்கள் கடந்து செல்கையில் தம் வீரர்களைத் துப்பாக்கிகளை உயர்த்தி மரியாதை செய்யச் செய்தார். எதிரணித் தளபதி ஜான் கோர்டன் அம்மரியாதையைத் திருப்பிச் செலுத்தினார். இந்நிகழ்வு பெரிதும் அவ்விருவரின் பிற்கால எழுத்துகளின் வழியே அறியப்படுவதால், அதன் விவரங்களைச் சில ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர்.

ஆளுநர் பதவியும் இல்லறமும்

1866 தேர்தலில் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்ற சேம்பர்லின், 1867 முதல் 1871 வரை ஆளுநராக இருந்தார். அக்காலத்தில் மேய்ன் ஆளுநரின் பதவிக்காலம் ஓராண்டே. வேளாண்மை மற்றும் தொழிற்கல்விக்கான மாநிலக் கல்லூரியை ஆதரித்தார். 1870இல் சுவீடன் நாட்டிலிருந்து குடியேறிகள் வந்து மேய்னில் ஊர் அமைத்ததும் இவர் காலத்திலேயே.

வீட்டில் நிலைமை வேறாக இருந்தது. தலைநகரான அகஸ்டாவுக்குக் குடிபெயராமல் ஃபேனி பிள்ளைகளுடன் பிரன்ஸ்விக்கிலேயே தங்கினார். போரில் மூன்றாண்டுகள் பிரிந்திருந்தவர், கணவர் திரும்பிய பின்னரும் அவரை அரசியலுக்கும் சொற்பொழிவுப் பயணங்களுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. காயம் அவர்களது தாம்பத்திய வாழ்வையும் பாதித்தது. 1868இல் ஃபேனி மணவிலக்கு பற்றி எண்ணினார். கணவர் தம்மைத் துன்புறுத்தியதாக அவர் பிறரிடம் கூறியதாகவும் பேச்சு எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் இதுகுறித்துச் சேம்பர்லின் மனைவிக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. அது அவர் தரப்பை மட்டுமே கூறுவதாகும். மணவிலக்கு நிகழவில்லை. அதன்பின் முப்பத்தேழு ஆண்டுகள் அவர்கள் கணவன் மனைவியாகவே வாழ்ந்தனர்.

கல்லூரித் தலைவர்

1871இல் சேம்பர்லின் போடன் கல்லூரியின் தலைவரானார். கிரேக்கமும் இலத்தீனும் மையமாக இருந்த கல்லூரியில் அறிவியல் மற்றும் பொறியியல் கல்விக்கெனத் தனித்துறை ஏற்படுத்தினார். வடதுருவப் பயணத்தால் பிற்காலத்தில் அறியப்பட்ட ராபர்ட் பியரி, 1877இல் இங்குக் கட்டுமானப் பொறியியல் பயின்று பட்டம் பெற்றவர். ஆயினும் போதிய நிதி இல்லாமையாலும், பழைய முறையை விரும்பியோரின் எதிர்ப்பாலும் அறிவியல் துறை சுமார் பத்து ஆண்டுகளில் மூடப்பட்டது.

மாணவர்களுக்குப் படைப்பயிற்சியைக் கட்டாயமாக்கியதும் அவர் செய்த மாற்றங்களுள் ஒன்று. சீருடைச் செலவும் பயிற்சிக்கான நேரமும் மாணவர்களிடையே வெறுப்பை வளர்த்தன. 1874 மே மாதத்தில் இறுதியாண்டினர் நீங்கலாக மற்ற மூன்று ஆண்டு மாணவர்களும் பயிற்சிக்கு வர மறுத்தனர். சேம்பர்லின் அவர்களை வீட்டுக்கு அனுப்பி, குறித்த நாளுக்குள் கீழ்ப்படிந்து திரும்பாதோர் நீக்கப்படுவர் என அறிவித்தார். ஒரு சிலரைத் தவிர அனைவரும் திரும்பினர். எனினும் பயிற்சி விரைவில் விருப்பத் தேர்வாக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. 2ஆம் மேய்ன் வீரர்களின் குறையைக் கேட்டுத் தீர்வு கண்டவர், தம் மாணவர்களின் குறையை அவ்வாறு அணுகவில்லை.

1880 ஜனவரியில் மாநிலத் தேர்தல் முடிவு பற்றிய பூசலால், ஒன்றுக்கொன்று எதிரான இரு அணிகள் ஆயுதங்களுடன் அகஸ்டாவில் கூடின. மாநிலப் படையின் தலைவர் என்ற முறையில் அங்குச் சென்ற சேம்பர்லின், துருப்புகளை வரவழைக்காமல், எந்த அணிக்கும் சார்பின்றி, நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை பன்னிரண்டு நாட்கள் அமைதி காத்தார். தம் சொந்தக் கட்சியினரின் சினத்துக்கும் இதனால் அவர் ஆளானார்.

இறுதிக் காலம்

காயத்தில் அடிக்கடி ஏற்பட்ட தொற்றினாலும் அதற்கான அறுவை மருத்துவத்தாலும் உடல்நலம் குன்றி, 1883இல் கல்லூரித் தலைவர் பதவியிலிருந்து விலகினார். புளோரிடாவில் நில விற்பனை, தொடருந்துத் தொழில் ஆகியவற்றில் ஈடுபட்டார். அவை பெரும் பயன் தரவில்லை. 1900இல் போர்ட்லண்ட் துறைமுகச் சுங்க அதிகாரியாக அமர்த்தப்பட்டார்.

ஃபேனியின் கண்பார்வை பல ஆண்டுகளாகக் குன்றிவந்து, இறுதியில் முற்றிலும் மறைந்தது. ஓவியம் தீட்டியவர் பிறர் துணையின்றி இயங்க இயலாதவரானார். அக்டோபர் 18, 1905 அன்று அவர் காலமானார். பிரிவுகளும் பிணக்கும் நிறைந்த அவர்களது இல்லறம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்திருந்தது.

1913இல் கெட்டிஸ்பர்க்கின் ஐம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாட இருதரப்பு முதியவர்களும் கூடினர். அதற்கான ஏற்பாடுகளில் பங்குகொண்ட சேம்பர்லின், உடல்நலமின்மையால் ஜூலை விழாவுக்குச் செல்ல இயலவில்லை. பெப்ரவரி 24, 1914 அன்று போர்ட்லண்டில் தமது 85ஆம் வயதில் இறந்தார். பீட்டர்ஸ்பர்க் காயத்தில் ஏற்பட்ட தொற்றே இறப்புக்குக் காரணம். உள்நாட்டுப் போர்க் காயத்தால் இறந்த கடைசி வீரர் இவரே என்று கருதப்படுகிறது. பிரன்ஸ்விக்கில் பைன் குரோவ் இடுகாட்டில் ஃபேனியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவு

போரின் இறுதி மாதங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1915இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. பல பத்தாண்டுகள் பொதுமக்களால் பெரிதும் மறக்கப்பட்டிருந்த சேம்பர்லின், மைக்கேல் ஷாரா 1974இல் எழுதிய புதினத்தாலும், அதைத் தழுவி 1993இல் வெளியான கெட்டிஸ்பர்க் திரைப்படத்தாலும் மீண்டும் புகழ்பெற்றார். லிட்டில் ரவுண்ட் டாப்பில் 20ஆம் மேய்ன் நின்ற இடம் இன்று பயணிகள் மிகுதியாக நாடும் இடங்களுள் ஒன்று. பிரன்ஸ்விக்கில் அவரும் ஃபேனியும் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1871இல் அவ்வீட்டை அப்படியே மேலே உயர்த்தி, அதன் அடியில் புதிதாக ஒரு தளம் கட்டப்பட்டது. போடன் கல்லூரி அதன் அருகிலேயே உள்ளது.